ஜி1 கிளைமாக்ஸ் ஃபைனல் உண்மையிலேயே நல்ல மேட்சா, வெறும் நீளமான மேட்சா: எப்படிக் கணிப்பது?

ஜப்பானிய மல்யுத்த நிறுவனமான நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங் ஆண்டுதோறும் நடத்தும் லீக் தொடர் ஜி1 கிளைமாக்ஸ். அதன் ஃபைனல் ஒவ்வொன்றையும் 'கிளாசிக்' என்கிறார்களே, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்று தெரிந்துதான் எல்லோரும் பார்க்கிறோம். அதனால் யார் ஜெயித்தார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அந்த முடிவை எப்படி நம்ப வைத்தார்கள் என்பதற்குத்தான்.

முதலில் நீளத்தை ஒதுக்கி வையுங்கள். நான் இங்கே பேசும் ஆண்டுகளில் லீக் மேட்ச்களுக்கு 30 நிமிடம் வரம்பு, ஃபைனலுக்கு வரம்பே கிடையாது. ஆக 30 நிமிடத்தைத் தாண்டுவது திறமை ஆகாது, அங்கே அதற்கு அனுமதி இருக்கிறது, அவ்வளவுதான். 2017 நைட்டோ–ஒமேகா 34 நிமிடம் 35 விநாடி. 2018 தனஹாஷி–இபுஷி சரியாக 35 நிமிடம். 2020 இபுஷி–சனாடா 35:12. நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், தரம் ஒன்றல்ல. ஜப்பானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரிங் அறிவிப்பாளர் 'இத்தனை நிமிடம் கடந்தது' என்று மைக்கில் சொல்வார். அந்தக் குரலைக் குறியாக வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம்: '15 நிமிடம்' அறிவிப்புக்கு முன் நடந்ததை மனதுக்குள் வெட்டி எறியுங்கள். கடைசி 10 நிமிடம் அப்போதும் அப்படியே புரிந்தால், முதல் பாதி வெறும் நிரப்பல். என் கணக்கில் சனாடா மேட்ச் இந்தச் சோதனையில் தேறாது. பிடி, பூட்டு, விடுதலை என்று தொடக்கத்தில் நடந்த எதுவும் பின்னால் திரும்பி வரவில்லை.

திரும்பி வருவது என்றால் என்ன? 2019-ஐப் பாருங்கள். ஜூலை 6 அன்று டாலஸில் தொடரின் முதல் நாளே, கென்டாவுடனான மேட்சில் இபுஷிக்குக் கணுக்காலில் அடி. அதோடு லீக் மேட்ச்களை எல்லாம் ஆடி முடித்து, ஆகஸ்ட் 12 அன்று நிப்பான் புடோகானில் ஃபைனலுக்கு வந்தார். எதிரே ஜே வைட், மூலையில் அவருடைய ஆள் கெடோ. வைட் நேராக அந்தக் காலைத்தான் குறிவைத்தார். ஒரு மாதமாக மேட்ச்களைத் தொடர்ந்து பார்த்தவருக்கு இதற்கு விளக்கமே வேண்டியதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது அடிப்பவரை அல்ல, அடி வாங்குபவரை. இபுஷியின் முடிக்கும் அடி கமிகோயே. எதிராளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு முகத்தில் முழங்காலால் இடிப்பது. கால் நோகும் ஆள் அதை உடனே, முழு வேகத்தில் போட்டால் அதுவரை நடந்த உழைப்பு வீண். நொண்டி, தாமதித்து, பிடி நழுவி, பிறகு போட்டால்தான் கணக்கு நேராகும். பெரிய மேட்ச்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். 20 நிமிடம் முழங்காலைத் திருகுவார்கள், கடைசி 5 நிமிடத்தில் அதே கால் குதித்து ஓடும்.

அடுத்தது ஃபினிஷரின், அதாவது முடிக்கும் அடியின், விலை. இது ஒரு நாணயம் மாதிரி. ஒவ்வொரு முறை ஒருவர் அதிலிருந்து கிக் அவுட் ஆகும்போதும் (மூன்று எண்ணி முடிவதற்குள் தோளைத் தூக்கித் தப்பும்போதும்) மதிப்பு குறையும். எதிராளியைத் தோளில் ஏற்றித் தரையில் போடும் ஒமேகாவின் ஃபினிஷர் ஒன் விங்ட் ஏஞ்சலை நியூ ஜப்பான் எவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழித்தது என்று பாருங்கள். 2017 ஜூன் 11, ஒசாகாவில் ஒகாடாவுடன் 60 நிமிடம் டிரா ஆன மேட்சில் அது விழுந்தது. ஒகாடா தோளைத் தூக்கவில்லை, காலைக் கயிற்றில் வைத்துத் தப்பினார். ஆளும் பிழைத்தார், ஃபினிஷரும் பிழைத்தது. இரண்டு மாதம் கழித்து ரியோகோகு கொகுகிகானில் நைட்டோவுடன் ஃபைனல். ஒமேகா அவரைத் தோளில் ஏற்றும்போதெல்லாம் அரங்கம் பதறியதற்கு அந்தக் கஞ்சத்தனம்தான் காரணம். முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று, லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான பி பிளாக்கின் கடைசி மேட்சில் ஒமேகா நைட்டோவை வென்றுதான் ஃபைனலுக்குப் போனார், கோட்டோவையும் வென்று கோப்பையைத் தூக்கிய முதல் வெளிநாட்டவர் ஆனார். நைட்டோவின் அந்தத் தோல்வியும் கணக்கில் இருந்தது. 2013-ல் ஜி1 ஜெயித்தும், அதனால் கிடைக்க வேண்டிய டோக்கியோ டோமின் மெயின் ஈவென்ட்டை (அன்றைய கடைசி, முக்கிய மேட்சை) ரசிகர் வாக்கெடுப்பால் இழந்தவர் நைட்டோ. அந்தப் பழைய காயமும் இருந்தது. நைட்டோவின் ஃபினிஷரான டெஸ்டினோ கடைசியாக விழுந்தபோது இவ்வளவும் தீர்க்கப்பட்டது. நான் பார்த்த ஃபைனல்களில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

அதனால் எண்ண வேண்டியது 2.9 கவுன்ட் (மூன்று எண்ணுவதற்கு மயிரிழை முன் தப்புவது) எத்தனை என்பதை அல்ல. அவற்றில் எத்தனை முறை 'முடிந்தது' என்று நீங்களே நம்பினீர்கள் என்பதை. மூன்று நல்ல எண்ணிக்கை. எட்டு என்றால் பெரும்பாலும் ஐந்து வீண்.

அரங்கச் சத்தத்தையும் கேளுங்கள், ஆனால் கவனமாக. அடி விழுந்த பிறகு வரும் ஆரவாரம் மலிவு. ரெஃப்ரியின் கை இரண்டாவது முறை தரையில் படும்போது எழும் சத்தம்தான் உண்மையானது. 2020, 2021 ஃபைனல்களை இப்படி அளக்க முடியாது. கொரோனா விதிகளால் கத்தக்கூடாது, கைதட்டவும் காலால் தரையைத் தட்டவும் மட்டுமே அனுமதி. சனாடா மேட்சை மேலே திட்டினேன், அதற்கு இந்த ஒரு சலுகையைத் தரலாம்.

மல்யுத்த விமர்சகர் டேவ் மெல்ட்சர் மேட்ச்களுக்குப் போடும் நட்சத்திரங்களைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுக்காதீர்கள். 5 நட்சத்திர அளவுகோலில் 2017 ஜனவரி 4 ஒகாடா–ஒமேகாவுக்கு 6, அடுத்த ஆண்டு ஜூனில் அதே ஜோடிக்கு 7 என்று போனவர் அவர்.

இந்த அளவுகோல் எதுவும் பொருந்தாத ஒன்று 2021 ஃபைனல். இபுஷி ஃபீனிக்ஸ் ஸ்பிளாஷ் (மூலையின் உச்சியிலிருந்து சுழன்று எதிராளி மேல் விழும் அடி) அடிக்கக் குதித்தார், ஒகாடா விலகிவிட்டார், தோள் நிஜமாகவே போயிற்று. ரெஃப்ரி மேட்சை நிறுத்தி ஒகாடாவை வெற்றியாளர் ஆக்கினார். அதுவரை நடந்தது மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்த மேட்ச்தான். ஆனால் தொடக்கத்தில் விதைத்ததைக் கடைசியில் அறுத்தார்களா என்றுதானே இவ்வளவு நேரம் பார்த்தோம்; அறுவடையே நடக்காத வயலுக்கு மதிப்பெண் போட நான் தயாரில்லை. பட்டியலில் அந்த ஆண்டைக் காலியாக விடுங்கள்.