மெடிக்கல் சீட் இல்லாமலும் இந்த ஆராய்ச்சிக்கு வரலாம்

குழந்தைகளுக்கு வரும் பரம்பரை வளர்சிதை மாற்றக் கோளாறுகளில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், மெடிக்கல் சீட் கிடைக்காவிட்டால் அந்த ஆசை அவ்வளவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நோயாளிக்கு மருந்து எழுத மருத்துவப் பட்டம் வேண்டும், ஆராய்ச்சிக்கு அது கட்டாயமில்லை.

இந்தத் துறையின் அஸ்திவாரமே வேதியியல்தான். நாம் சாப்பிடும் புரதமும் சர்க்கரையும் கொழுப்பும் உடலுக்குள் படிப்படியாக உடைகின்றன, படிக்கு ஒரு என்சைம், அதாவது அந்த வேதிவினையை நடத்தும் புரதம். மரபணுவில் உள்ள பிழையால் அதில் ஒன்று வேலை செய்யாமல் போனால், அதற்கு முந்தைய பொருள் தேங்கி நஞ்சாகும், அல்லது அடுத்து உருவாக வேண்டியது உருவாகாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அரிய நோய்கள்தான், ஆனால் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் தெரிய வந்திருக்கின்றன.

ஃபினைல்கீட்டோனூரியா கதையை மகளைப் படிக்கச் சொல்லுங்கள். புரதத்தில் உள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாமல், அது தேங்கி மூளையைக் கெடுக்கும் நோய் இது. 1934-இல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளுக்கும் என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்டுக்கொண்டு ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டரிடம் வந்தார். அவர் மருத்துவத்துக்கு முன்பே வேதியியல் படித்தவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் அது பச்சையாக மாறியது, அதை அப்படியே விட்டுவிடாமல் காரணமான பொருளைப் பிரித்தெடுத்துப் பார்த்ததில் நோய் பிடிபட்டது. சரி, சிகிச்சை? 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மூன்று பேர் சேர்ந்து ஃபினைல்அலனின் குறைந்த உணவைத் தயாரித்துக் கொடுத்துப் பலன் இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த மூவரில் ஈவ்லின் ஹிக்மன்ஸ் உயிர்வேதியியலாளர், டாக்டர் அல்ல. அந்த உணவைப் பிறந்தவுடனே தொடங்கினால்தான் மூளையைக் காப்பாற்ற முடியும் என்பதால், 1960-களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி குழந்தையின் குதிகாலில் எடுத்த சில சொட்டு ரத்தத்தைத் தாளில் உலர்த்தி, பாக்டீரியா வளர்வதை வைத்தே நோயைச் சொல்லும் சோதனையைப் பரவலாக்கினார். இன்று அதே மாதிரி உலர்ந்த ரத்தத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவி, அதாவது மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி, ஒரே ஓட்டத்தில் பல டஜன் நோய்களைத் தேடுகிறது, அந்தக் கருவியின் முன்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் வேதியியல் படித்தவர்கள்தான்.

அதனால் மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உயிருக்குப் போராடும் பச்சைக் குழந்தையின் பெற்றோரிடம் உட்கார்ந்து பேச அவளுக்கு மனம் இருக்கிறதா, அல்லது ஏன் இப்படி ஆகிறது என்ற புதிர்தான் அவளை இழுக்கிறதா? முதலாவது என்றால் மருத்துவம், அப்புறம் குழந்தைகள் நலம், அதற்கும் மேல் மரபியல் அல்லது வளர்சிதை மாற்றச் சிறப்புப் பயிற்சி என்று பத்து வருடத்துக்கு மேல் ஓடும், தயாராக இருங்கள். இரண்டாவது என்றால் உயிர்வேதியியல், மரபியல், உயிர்தகவலியல் (உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் படிப்பு) இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு பிஎச்டி. உணவியல் என்ற வழியையும் சின்னதாக நினைக்காதீர்கள், இந்த நோய்கள் பலவற்றில் மருந்தே உணவுதான்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பிஎச்டி முடித்த பிறகும் சில வருடங்கள் ஒப்பந்த வேலையில் இடம் மாறிக்கொண்டே இருக்க நேரலாம், உங்கள் உறவினர் பிள்ளைகள் வீடு வாங்கும் வயதில் இவள் அடுத்த நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பாள். மறுபக்கம், அரிய நோய் மருந்துகளுக்கு 1983-இல் அமெரிக்கா கொண்டுவந்த சலுகைச் சட்டத்துக்குப் பிறகு மருந்து நிறுவனங்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டன, பல்கலைக்கழக வேலை ஒன்றை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. 2025-இல் ஃபிலடெல்ஃபியாவில் அமோனியாவை அகற்ற முடியாத ஒரு கைக்குழந்தைக்கென்றே தனியாக மரபணுத் திருத்த மருந்து தயாரித்துக் கொடுத்தார்கள். அந்த வேலையில் டாக்டர்களோடு டாக்டர் அல்லாத விஞ்ஞானிகளும் தோளோடு தோள் நின்றார்கள்.

இப்போதைக்கு யூரியா சுழற்சியின், அதாவது உடல் அமோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் வழியின், படத்தை எடுத்து, ஒவ்வொரு என்சைமாக நிறுத்திப் பார்த்து ரத்தத்தில் எது கூடும் எது குறையும் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். அலுக்காமல் செய்தால் துறை அவளுக்குப் பொருந்தும். புள்ளியியலையும் கொஞ்சம் நிரல் எழுதவும் கூடவே கற்றுக்கொள்ளட்டும். பின்னால் பிஎச்டிக்கு வழிகாட்டி தேடும்போது மூன்றைக் கேட்காமல் சேர வேண்டாம்: நோயாளிகளின் மாதிரிகள் எந்த மருத்துவமனையிலிருந்து வருகின்றன, நிதி எத்தனை வருடத்துக்கு இருக்கிறது, அங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்.