‘நல்லா இருக்கு’ என்றால், எங்கே நல்லா இருக்கு?

ஓவியப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

நாங்கள் பதினைந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் வரைந்து போடுகிறோம். எல்லாப் படத்துக்கும் ‘சூப்பர்’தான் பதில். ஆறு மாதமாக யாருக்கும் பெரிய முன்னேற்றம் இல்லை. குறை சொன்னால் மனம் நொந்து சிலர் வரைவதையே விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருநெல்வேலி

உங்கள் பயம் நியாயமானது. ‘முகம் சரியில்லை’ என்று யாராவது எழுதிவிட்டால், வரைந்தவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது, மனம் மட்டும் வாடிப்போகும். ‘இடது கண் வலது கண்ணைவிட ஒரு நெல் அளவு மேலே இருக்கிறது’ என்றால் ரப்பரை எடுத்து உடனே திருத்தலாம். குறையை அளவோடு சொன்னால் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை.

பாராட்டுக்கும் இதே கணக்குதான். ‘குடத்தின் வாயருகே கோடு தடித்து ஆரம்பித்து மெலிந்து போகிறதே, அது அழகு’ என்றால் வரைந்தவர் அடுத்த படத்திலும் அதைச் செய்வார். வெறும் ‘சூப்பர்’ என்றால் தன் படத்தில் எது சரியாக வந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது.

படம் போடுகிறவர் கீழே மூன்று விஷயம் எழுதட்டும்: எதில் வரைந்தது, எவ்வளவு நேரம், எந்த இடம் உறுத்துகிறது. ‘4பி பென்சில், 40 நிமிடம், மூக்கின் நிழல் தட்டையாகத் தெரிகிறது’ என்பதுபோல. பதில் சொல்கிறவர்கள் அந்த உறுத்தும் இடத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு திருத்தம் போதும். ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது. அடுத்தவர் படத்தின் மேல் போனில் கோடு போட்டுத் திருத்திக் காட்டுவதானால், முதலில் அவரைக் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில வாரங்கள் இடம் சுட்டிய பாராட்டு மட்டும் போதும்.

வாரம் ஒருமுறை எல்லோரும் ஒரே பொருளை வரையுங்கள். வீட்டில் இருக்கும் பித்தளைச் செம்பு நல்ல தேர்வு. பதினைந்து செம்புகளை அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்பத் தெரியும். ஒன்று, வாய் வட்டத்தின் இரண்டு ஓரமும் மாவடுபோலக் கூராக முடிந்திருக்கும். எவ்வளவு சாய்ந்து தெரிந்தாலும் அந்த ஓரங்கள் வளைந்துதான் திரும்பும், கூராகாது. இரண்டு, தரையில் பதியும் அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இழுத்திருப்பார்கள். கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரிந்து தெரியும். அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். இதை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னால் பதினைந்து பேரும் திருத்திக்கொள்ளலாம். குழுவாக வரைவதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

கண், மூக்கு, வாய் தனித்தனியாக நன்றாக வருகிறது. சேர்த்து முகமாக வரைந்தால் வேறு யாரோ ஆகிவிடுகிறார். எங்கே தவறுகிறேன்?
– வாசகர், கரூர்

நீங்கள் கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். கண் கடைசியில் வரவேண்டியது.

முதலில் உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஒவ்வொரு கோடு. பிறகு தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு நடுக்கோடு. வளர்ந்தவர்களுக்குக் கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும். பெரும்பாலோர் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறார்கள். நெற்றியிலும் முடியிலும் பார்க்க ஒன்றுமில்லை என்று மனம் அந்த இடத்தைச் சுருக்கிவிடுவதுதான் காரணம். நேர்முகத்தில் தலையின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் இடைவெளி. குழந்தைகளுக்குக் கண் பாதிக்கும் கீழே இருக்கும். அதை மறந்தால் குழந்தை முகம் குட்டிப் பெரியவர் முகமாகிவிடும்.

இவையெல்லாம் சராசரி. ஒருவரின் ஜாடை இந்தச் சராசரியிலிருந்து அவர் விலகும் இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு கண்களின் வெளி ஓரங்களையும் மூக்கின் அடியையும் இணைத்து ஒரு முக்கோணம் போடுங்கள். புகைப்படத்திலும் அதே முக்கோணத்தைப் போட்டு ஒப்பிடுங்கள். 12 செ.மீ. உயரத் தலையில் 2 மி.மீ. நகர்ந்தாலே ஆள் மாறிவிடுவார். முக்கோணம் பொருந்திய பிறகு நிழல்களைப் பெரிய பெரிய திட்டுகளாக வையுங்கள். இமை முடி, கண்மணியின் ஒளிப்புள்ளி எல்லாம் அதற்கப்புறம். இடையிடையே படத்தையும் புகைப்படத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், அல்லது கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் அப்போது பளிச்சென்று தெரியும்.

பென்சில் படத்தை போனில் எடுத்தால் தாள் சாம்பலாகிறது, கறுத்த இடம் பளபளக்கிறது, படமும் கோணலாகிறது.
– வாசகர், புதுச்சேரி

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

படச்சட்டம் முழுக்க வெள்ளைத் தாள் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து போன் அதைக் குறைத்துவிடும். திரையில் தாளைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். தாள் வெளுத்ததும், மெல்லிய கோடுகள் மறைவதற்குள் நிறுத்திவிடுங்கள்.

பளபளப்பு, பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டின் குணம். அதன் துகள்கள் தட்டையானவை. அழுத்தித் தேய்க்கத் தேய்க்க ஒரே தளமாகப் படிந்து கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும். பிளாஷ் வேண்டாம். நேர் வெயில் விழாத ஜன்னலருகே, பக்கவாட்டில் வெளிச்சம் வரும்படி வையுங்கள். ஹெச்பி பென்சிலை அழுத்தி அழுத்திக் கறுப்பு வரவழைப்பதை விட்டுவிட்டு, மிகக் கறுத்த இடத்துக்கு மட்டும் அதைவிட மென்மையான, கறுப்பான 6பி பென்சிலை லேசாக இரண்டு மூன்று அடுக்குப் போடுங்கள்.

கோணலுக்கு: தாளை பரீட்சை அட்டையில் மாட்டிச் சுவரில் சாய்த்து, போனையும் அதே சாய்வில் பிடியுங்கள். கிட்டே போகாமல் ஒரு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். குழுவில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மென்மையான ஷேடிங் நசுங்காமல் போய்ச் சேரும்.

மழைக்காலத்தில் வாட்டர் கலர் தாள் அலை அலையாக மேடு தட்டுகிறது. வானத்தில் காலிஃபிளவர்போலத் திட்டுகள் விழுகின்றன.
– வாசகி, நாகர்கோவில்

தண்ணீர் பட்டால் தாளின் இழைகள் உப்பும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள தடித்த தாளை நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, முழுக்கக் காய்ந்தபின் பிரியுங்கள். மெல்லிய தாளில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மேடு தட்டத்தான் செய்யும்.

பூசிய இடம் பாதி காய்ந்திருக்கும்போது அதைவிட ஈரமான தூரிகையை வைத்தால், புதுத் தண்ணீர் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளும். அதுதான் அந்தத் திட்டு. தாள் ஈரத்தில் மினுங்கும்போது தொடலாம், நன்றாகக் காய்ந்தபின்னும் தொடலாம். மினுமினுப்பு மங்கும் நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்த நேரம் நீளும் என்பதால் ஃபேன் அடியில் வைத்துக் காத்திருங்கள். பாலெட்டையும் (வண்ணத் தட்டு) காயவைத்தே மூடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

நெட்டில் கிடைக்கும் நடிகர் புகைப்படங்களைப் பார்த்து வரைகிறேன். விற்கலாமா?
– வாசகர், கோவை

வீட்டில் பயிற்சிக்கு வரையுங்கள். விற்பதானால் புகைப்படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்துக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. குழுவில் பகிரும்போதும் எடுத்தவர் பெயர் தெரிந்தால் போடுங்கள், அது அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

குழுவாக வெளியே போய் வரைய ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகி, சென்னை

2007-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பத்திரிகையாளர் கேப்ரியல் கம்பானாரியோ தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ என்ற ஓவியர் குழு இன்று உலகின் பல நகரங்களில் இருக்கிறது. நேரில் பார்த்து வரைவது, ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது, சேர்ந்து வரைவது என்பவை அவர்களின் கொள்கை அறிக்கையிலேயே உண்டு.

காலை 7 மணிக்குக் கூடுங்கள், இரண்டு மணி நேரம் போதும். ஏ5 ஸ்கெட்ச்புக், ஒரு 2பி பென்சில், ஒரு நீர்புகா மைப் பேனா, குடிதண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் கோபுரத்தை வரைவதாக இருந்தால் பொம்மைகளில் ஆரம்பிக்காதீர்கள். ஏழு நிலைகளையும் எண்ணி, மேலே போகப் போக ஒவ்வொன்றும் எவ்வளவு குறைகிறது என்று கை நீட்டிப் பென்சிலால் அளந்து குறியுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். நிழல் எங்கே விழுகிறது என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே கோடு போட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அது இடம் மாறியிருக்கும், அதைத் துரத்தினால் படம் கலங்கிவிடும்.

கடைசி இருபது நிமிடத்தை ஒதுக்கி, எல்லாப் புத்தகங்களையும் தரையில் விரித்து வரிசையாக வையுங்கள். கூச்சப்படுகிறவரின் புத்தகம் ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் இன்னொருவர் படத்தில் ஒரே ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, அது எப்படி வந்தது என்று கேட்கட்டும்.