புஹோமாவில் அறை, ருஷாகாவில் கொரில்லா: எதை மாற்றுவது?

அறையை மாற்றுங்கள், அனுமதிச்சீட்டைத் தொடாதீர்கள். உகாண்டாவின் புவிண்டி தேசியப் பூங்காவில் கொரில்லா பார்க்க உங்கள் அனுமதி ருஷாகாவுக்கு, முந்தின இரவுத் தங்கல் மட்டும் புஹோமாவில் என்கிறீர்கள். இரண்டும் ஒரே பூங்காதான். ஆனால் புஹோமா வடக்கு விளிம்பு, ருஷாகா தெற்கு. நடுவே மலைக்காடு என்பதால் வண்டி மணிக்கணக்கில் சுற்றித்தான் போக வேண்டும். காலை 8 மணி வாக்கில் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் போனபோது இரவு மழையில் செம்மண் பாதை குழைந்து, ஒரே வளைவில் முக்கால் மணி நேரம் நின்றோம்.

உங்கள் முகவர் "புவிண்டி" என்று மட்டும் பார்த்து அறை போட்டிருப்பார். பலருக்கும் நடப்பதுதான்.

எதையும் ரத்து செய்யும் முன் சீட்டில் பூங்காப் பிரிவின் பெயர் புஹோமாவா, ருஷாகாவா என்று பாருங்கள். கொரில்லாக் குடும்பத்தின் பெயர் மட்டும் இருந்தால், முபாரே, ருஷெகுரா என்பவை புஹோமா பக்கம். ந்ஷோங்கி, மிஷாயா என்றால் ருஷாகா.

சரி, அறையை ருஷாகாவுக்கு மாற்றினால் முந்தின நாள் பயணம் நீளும். கிபாலே தேசியப் பூங்காவில் சிம்பன்சி பார்த்துவிட்டு அன்றே அங்கே போக நினைக்காதீர்கள். இடையில் இஷாஷாவில் ஓர் இரவு தங்குங்கள். அத்திமரக் கிளையில் கால்களைத் தொங்கவிட்டுத் தூங்கும் சிங்கத்தைப் பார்க்க வாய்ப்புள்ள இடம் அது.

அப்புறம், சளி இருமல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். நம் சளி கொரில்லாக்களுக்கு உயிராபத்து. அந்த வாரம் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.