கட்டுப் போட்டும் தீராத மூட்டுவலி, 21 வயதில்

கேள்வி: எனக்கு வயது 21. நகரி பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா வீட்டிலேயே நாலு பவர்லூம் ஓட்டுகிறார். நான் ரயிலில் திருத்தணி போய் பி.காம். படிக்கிறேன். வீடு திரும்பியதும் தறிக்கு நூல் தார் சுற்றுவேன், அறுந்த இழை முடிவேன். 14 வயதிலிருந்தே முழங்கால், மணிக்கட்டு, தோள்பட்டை என்று மாறி மாறி வலி. பரீட்சையில் ஒரு மணி நேரம் எழுதினால் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. கணுக்கால் பிசகி மூன்று தடவை புத்தூர் கட்டுப் போட்டாயிற்று. கட்டு இருக்கும்வரை சுகமாக இருக்கும், அவிழ்த்துச் சில வாரத்தில் மறுபடி பிசகும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "வலி உன் மனசிலதான் இருக்கு" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். "நானும் உன் வயசில் ஓயாமல் கால் பிசகினவதான், அதுக்காகப் படுத்துக்கிட்டேனா?" என்கிறார் அம்மா. சின்ன வயதில் உடம்பை வில்லாக வளைப்பேன், பள்ளி யோகா போட்டியில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். இப்போதோ எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது. இது என்ன நோய்? நடக்க முடியாமல் போய்விடுவேனா? கல்யாணம் செய்துகொள்ளலாமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வலி உண்மையானது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அதில் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்றால் எலும்பு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வலி இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் உங்களைப் போலவே ஒரு பெண்ணை, ரிப்போர்ட்டெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி நானே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரலை மடக்கிக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அன்றைக்கே புரிந்திருக்கும். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த யோகா பரிசு. வில்லாக வளையும் உடம்பு, சின்ன வயதிலேயே தொடங்கிய வலி, திரும்பத் திரும்பப் பிசகும் கணுக்கால், அம்மாவுக்கும் அதே கதை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஹைப்பர்மொபிலிட்டி, அதாவது மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் தன்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடிதத்தை வைத்து முடிவுகட்ட முடியாது, நேரில் பார்க்க வேண்டும். ஆனால் நீங்களே வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் பீட்டர் பெய்ட்டனும் அவருடைய சகாக்களும் 1973இல் வெளியிட்ட முறை, இன்றும் உலகம் முழுக்க அதுதான்.

உள்ளங்கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு சுண்டுவிரலை மெதுவாக மேலே தூக்குங்கள். 90 டிகிரியைத் தாண்டிப் பின்னால் போனால் ஒரு மதிப்பெண். அடுத்து, மணிக்கட்டை மடக்கிக் கட்டைவிரலை முன்கைமேல் படிய வையுங்கள், தொட்டால் ஒன்று. முழங்கையை நீட்டும்போது 10 டிகிரிக்கு மேல் எதிர்ப்பக்கம் வளைந்தால் ஒன்று, முழங்காலுக்கும் அதே கணக்கு. இந்த நான்கும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக, ஆக எட்டு. கடைசியாக, முழங்காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கையும் தரையில் பதிந்தால் இன்னொன்று. மொத்தம் 9. உங்கள் வயதில் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மூட்டுகள் பொதுவாகவே தளர்ந்தவை என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு தடவை பார்த்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் செய்து காட்ட வேண்டாம், அந்த வேடிக்கையே மூட்டுக்குக் கேடு.

மதிப்பெண் அதிகம் வந்தாலே நோய் என்று பயந்துவிடாதீர்கள். குழந்தைகளில் பலர் இப்படி வளைவார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். நாட்டியம் ஆடுகிறவர்களில் எத்தனையோ பேர் ஒரு வலியும் இல்லாமல் இருக்கிறார்கள். வளைவோடு சேர்ந்து நாள்பட்ட வலி, பிசகுதல், களைப்பு என்று தொந்தரவும் வரும்போதுதான் ஹைப்பர்மொபிலிட்டி ஸ்பெக்ட்ரம் டிசார்டர் என்று பெயர் வைக்கிறோம். அதற்கு நெருங்கிய உறவு எலர்ஸ்-டான்லோஸ் சிண்ட்ரோம், உடம்பின் இணைப்புத் திசு பிறவியிலேயே தளர்ந்திருக்கும் கோளாறு. 2017இல் வந்த வகைப்பாட்டின்படி அதில் 13 வகை. மூட்டுத் தளர்ச்சியை முக்கியமாகக் கொண்ட வகைக்கு மட்டும் இதுவரை மரபணுப் பரிசோதனை கிடையாது, மருத்துவர் கையால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டில் எதுவானாலும் மூட்டுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் ஒன்றே.

ஏன் வலிக்கிறது? தறி வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்வது எளிது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், இழுவிசை குறைந்து தொய்ந்தால் என்ன ஆகும்? இழை சரியாகப் பிரியாது, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா சிக்கும், இழை அறும், தறியை நிறுத்தி முடிய வேண்டும். உங்கள் மூட்டிலும் அதுதான் நடக்கிறது. ஜவ்வுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரத நார். அதன் அமைப்பு பிறவியிலேயே கொஞ்சம் இளக்கமாக இருந்தால், மூட்டு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காமல் கடைசி எல்லைவரை போய்ப் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் நுண்ணிய காயம். ஜவ்வு பார்க்க வேண்டிய வேலையைத் தசை இழுத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பார்க்கிறது. சாயங்காலம் வந்ததும் அடித்துப் போட்டதுபோல் ஆவது அதனால்தான். இதோடு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குப் போகும் தகவலும் இவர்களுக்குச் சற்று மங்கல். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வது, சமதரையிலேயே கால் மடங்குவது, கைப்பொருள் நழுவுவது எல்லாம் அந்த வகை. வீட்டில் கவனக்குறைவு என்று திட்டு வாங்கியிருப்பீர்கள்.

சரி, கட்டு விஷயத்துக்கு வருவோம். புத்தூர் கட்டின்மேல் இந்தப் பக்கத்து மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும். என் நோயாளிகளில் பாதிப்பேர் தெலுங்கில் நொப்பி என்பார்கள், பாதிப்பேர் வலி என்பார்கள், கட்டு என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பச்சிலை, முட்டை, துணி, மூங்கில் பத்தை வைத்து அசையாமல் கட்டும்போது பிசகின மூட்டு ஓய்வெடுக்கும், வீக்கம் வடியும், வலி குறையும். மாவுக்கட்டும் அதைத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் பிரச்சினை பிசகோடு முடிவதில்லை. இரண்டு மூன்று வாரம் அசையாமல் கிடந்த காலின் தசை கண்ணுக்குத் தெரியவே மெலிந்துவிடும். ஏற்கெனவே தளர்ந்த ஜவ்வு, இப்போது தசையும் மெலிவு. அவிழ்த்ததும் மறுபடி பிசகுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கெண்டைக்கால் சதையை ஒரு டேப்பால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், கட்டுப் போட்ட கால் இளைத்திருந்தாலும் இருக்கும். உங்களுக்கு வேண்டிய கட்டு உள்ளே இருக்கிறது, அதுதான் தசை. அதைக் கட்டி எழுப்புவதுதான் வைத்தியம். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

தொடைச் சதையிலிருந்து தொடங்கலாம். தரையில் காலை நீட்டி உட்காருங்கள், சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். ஒரு துண்டை உங்கள் மணிக்கட்டு கனத்துக்குச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். தொடையின் முன்பக்கச் சதையை இறுக்கித் துண்டை மெல்ல அழுத்துங்கள். 5 எண்ணும்வரை பிடித்து விடுங்கள், 10 தடவை. துண்டு எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் உங்கள் முழங்கால் பின்பக்கமாகத் தொய்ந்து போய்விடும். அப்புறம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் ஒரு சாண் தூக்கி இறக்குவது. சுவரைக் கையால் தள்ளுவது, முழங்கையைச் சற்று மடக்கியபடியே. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, இது மங்கிப்போன தகவலைக் கூர்மையாக்க. முதல் இரண்டு வாரம் தினமும் 10 நிமிஷம் போதும். வேகமாகக் கூட்டினால் மூன்றாம் நாளே படுத்துவிடுவீர்கள், பிறகு உடற்பயிற்சியே ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவீர்கள். இப்படி விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். முதல் சில தடவை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து திருத்துவது அவசியம்.

யோகாவை விட வேண்டாம், வளைவதை விடுங்கள். உங்களுக்கு நன்றாக வருகிற ஆசனம்தான் உங்களுக்கு ஆகாத ஆசனம். நின்று தசையை இறுக்கிச் செய்பவை நல்லது. எதிலும் உங்களால் போக முடிந்த தூரத்தில் முக்கால்வாசியோடு நின்றுவிடுங்கள்.

அன்றாட வேலையிலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். ரயிலில் மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கிறீர்களா? தோள் குழியிலிருந்து நழுவப் பார்ப்பதற்கு அதுவே போதும். கம்பியை நெஞ்சு உயரத்தில், முழங்கை மடக்கிப் பிடியுங்கள். நிற்கும்போது முழங்காலைப் பின்னால் பூட்டி நிற்கும் பழக்கம் இருக்கும், பூட்டைத் திறந்து லேசாக மடக்கி நில்லுங்கள். ஒரு வாளித் தண்ணீரை இரண்டு அரை வாளியாக்குங்கள். பேனாவைச் சுற்றி ரப்பரோ துணியோ சுற்றித் தடிமனாக்கினால் விரல் இவ்வளவு கஷ்டப்படாது. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க மருத்துவச் சான்றோடு கல்லூரியில் பேசிப் பாருங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். இழை முடியும்போது 20 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நிலையை மாற்றுங்கள். கழுத்திலும் விரலிலும் சொடக்கு எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுப்பது இதமாக இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் யாரையும் மூட்டை இழுத்து, முறுக்கி எடுக்க விடாதீர்கள்.

மாத்திரை பற்றி. மெடிக்கலில் கேட்டதும் தருகிற டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். பெயர் எழுதாத பொட்டல மருந்து அதைவிட ஆபத்து, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மோசமான நாளுக்குப் பாராசிட்டமால் போதும். வலியால் தூக்கமே கெடுகிறது என்றால் இரவில் சிறிய அளவில் தரக்கூடிய வேறு மருந்துகள் உண்டு, அதை மருத்துவர் முடிவு செய்வார்.

தலைச்சுற்றல் தனிக் கதை அல்ல. தளர்ந்த மூட்டுள்ளவர்களில் சிலருக்கு, எழுந்து நின்றதும் இதயம் அளவுக்கு மீறி வேகமெடுக்கும். படுத்திருக்கும்போது நாடித்துடிப்பை எண்ணுங்கள், பிறகு எழுந்து நின்று 10 நிமிஷம்வரை இடையிடையே எண்ணுங்கள். துடிப்பு நிமிஷத்துக்கு 30க்கு மேல் கூடி அப்படியே நீடித்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், மோரில் உப்புப் போட்டுக் குடிக்கலாம், ரத்த அழுத்தம் அதிகம் இல்லை என்று உறுதிசெய்த பிறகு. ரத்தசோகையும் இதே தொந்தரவைத் தரும், ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, மூட்டில் வீக்கமும் சூடும், காய்ச்சல், எடைக் குறைவு என்றால் அது முடக்குவாதமாகவோ, எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸாகவோ இருக்கலாம். முடக்குவாதத்துக்கான ஆன்டி சிசிபி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி போன்ற ரத்தப் பரிசோதனைகள் செய்தாயிற்றா என்று உங்கள் பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள். தோல் கண்ணாடிபோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரிவது, தொட்டால் கன்றுவது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்தது, வழக்கத்துக்கு மீறிய உயரமும் நீண்ட கைகளும், இவற்றில் ஒன்று இருந்தாலும் இதயத்தையும் ரத்தக்குழாயையும் பார்த்தாக வேண்டும். எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் ரூமட்டாலஜி, அதாவது மூட்டு, வாத நோய்களுக்கான பிரிவு இருக்கிறது, இரண்டும் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

நடக்க முடியாமல் போய்விடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். முடக்குவாதம்போல் இது மூட்டை அரித்துத் தின்பதில்லை. வயது கூடக்கூட உடம்பு தானாகவே கொஞ்சம் இறுகும். தசையைக் கவனித்தவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். வலி முழுக்கப் போய்விடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன், நல்ல நாட்கள் அதிகமாகும் என்று தருவேன்.

கல்யாணம் தாராளமாகச் செய்துகொள்ளலாம். பிள்ளைக்கும் இந்தத் தன்மை வரக்கூடும், எலர்ஸ்-டான்லோஸின் மூட்டுத் தளர்ச்சி வகை என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகள் இன்னும் இளகும், அதனால் முதல் செக்கப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் உங்களை நம்பாமல் அப்படிப் பேசவில்லை. அவருடைய காலத்தில் அவர் வலியைக் கேட்க யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் கட்டைவிரலைப் பார்த்து முடித்ததும் அம்மாவின் கட்டைவிரலையும் மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.