வாசகர் கேள்விகள்: ஆச்சி வீட்டுப் புறவாசல்

போன இதழில் அம்பாசமுத்திரத்து ஆச்சி வீட்டைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். அரசியல் கேள்விகள் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகின்றன, கோபிக்க வேண்டாம்.

அந்தப் புறவாசலில் அப்படி என்னதான் இருந்தது?
(வாசகி, கோவில்பட்டி)

பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை, தார்சா, பட்டாசல், அடுக்களை என்று ரயில்பெட்டி மாதிரி வரிசையாகப் போய்க் கடைசிக் கதவைத் திறந்தால் புறவாசல். கிணறு, துவைக்கிற கல், அந்தக் கல்லிலிருந்து வடிகிற தண்ணீரைக் குடித்தே வளர்ந்த வாழை, ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை, சுவரோரம் யாரும் நடாமலே முளைத்த அந்திமந்தாரை. அந்திமந்தாரை விரிந்தால் ஆச்சி காப்பிக்குப் பால் வைப்பாள், நாலு நாலரை மணி இருக்கும். மூட்டமான நாளில் பூ முந்திக்கொள்ளும், எங்களுக்குக் காப்பியும் முந்திவிடும். முருங்கையைத்தான் யாருக்கும் பிடிக்காது. மழை தொடங்கியதும் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும், தாத்தா குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக்கொண்டு வருவார், நாங்கள் கை காலெல்லாம் சொறிந்துகொண்டே வேடிக்கை பார்ப்போம்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று என் பாட்டி சொல்வார். உண்மையா?
(வாசகர், தேவகோட்டை)

இல்லை. ஆனால் சொன்னவர்கள் சும்மா சொல்லிவிடவும் இல்லை.

ஆச்சி வீட்டு அடுக்களை ஜன்னல் மூலையில் வருடா வருடம் குளவி மண்கூடு கட்டும். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று ஆச்சிக்கு நம்பிக்கை. சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகக் குழந்தை இல்லை, அதனால் அந்தக் கூட்டை ஒருத்தரும் தொடக்கூடாது. நான் தொட்டேன். ஒரு மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது கரண்டிக் காம்பால் பெயர்த்துவிட்டேன். உள்ளே பச்சைப் புழுக்களை நெருக்கி அடைத்திருந்தது, செத்தவை என்று நினைத்து விரல் வைத்தால் ஒன்று மெல்ல நெளிந்தது. அடி விழுந்தது தனிக் கதை.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், தாய்க் குளவி புழுவைக் கொட்டுவது கொல்வதற்கு இல்லை, அசையவிடாமல் மரத்துப்போகச் செய்வதற்கு. செத்தால் அழுகிவிடுமே. அறைக்கு ஒரு முட்டை, கூடவே இந்தப் புழுக்கள், அப்புறம் மண்ணால் வாயை மூடிவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சு அந்தப் புழுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிக் கிடந்து, ஒருநாள் மண்ணைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளியே வரும். சில குளவிகள் புழுவுக்குப் பதில் சிலந்தியைப் பிடித்து அடைக்கும். ஆக, உள்ளே போனது புழு, கொட்டியது குளவி, வெளியே வந்ததும் குளவி. உங்கள் பாட்டி, என் ஆச்சி, இரண்டு பேரும் பார்த்தது அத்தனையும் சரி. மூடிக் கிடந்த அந்த நாட்களுக்கு மட்டும் கதை ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

(சித்திக்கு மறுவருடமே பையன் பிறந்தான். கூட்டை உடைத்த பிறகுதான் பிறந்தான் என்று நான் இன்னும் சொல்லிக்காட்டுவதுண்டு.)

நல்ல பாம்பும் சாரையும் பின்னிக்கொண்டு ஆடியதை எங்கள் கொல்லையில் என் கண்ணால் பார்த்தேன். காலேஜில் படிக்கிற மகன் நம்ப மாட்டேன் என்கிறான்.
(வாசகர், மன்னார்குடி)

ஆடியது நிஜம். ஆனால் இரண்டுமே சாரையாகத்தான் இருந்திருக்கும், அதுவும் இரண்டும் ஆண். ஒன்றின் தலையை ஒன்று தரையில் அமுக்கப் பார்க்கிற மல்யுத்தம் அது, தோற்றது விலகிப் போய்விடும். சாரைக்கு விஷமும் கிடையாது, எலியைத் தின்று நமக்கு உபகாரம் செய்கிற ஜீவன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பின்னிய பாம்பின் மேல் புதுத்துணியைப் போட்டு எடுத்து பீரோவில் வைத்தால் பணம் சேரும் என்று வீட்டுக்குள் ஓடினார். மடிப்புக் கலையாத வேட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் வருவதற்குள் ஆட்டம் முடிந்து இரண்டும் வேலிக்குள் போய்விட்டன.

அரணை கடித்தால் மரணமா?
(வாசகி, பழனி)

எதுகைக்காக யாரும் சாவதில்லை. அரணைக்கு விஷமே கிடையாது.

மாடியில் தொட்டியில் வைத்த கருவேப்பிலை ஒற்றைக் குச்சியாகவே நிற்கிறது. உங்கள் ஆச்சி என்ன செய்வார்?
(வாசகி, சென்னை)

புளித்த மோரில் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுவாள். நீங்கள் அதோடு நுனியையும் கிள்ளிவிடுங்கள், பக்கத்தில் கிளை வெடிக்கும். ரசத்துக்கு என்று ஒவ்வோர் இலையாக உருவாமல் கொத்தோடு ஒடியுங்கள். நல்ல வெயில் படுகிறதா என்று பாருங்கள், முக்கால்வாசி மாடிகளில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில்தான் கொண்டுபோய் வைத்திருப்பார்கள்.

அந்த வீடு இப்போதும் இருக்கிறதா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, விருதுநகர்)

இருக்கிறது, எங்களிடம் இல்லை. ஆச்சி போன மூன்றாம் வருடம் விற்றோம். வாங்கியவர்கள் கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டு, புறவாசல் முழுக்க சிமெண்ட் பூசி, இரண்டு பைக் நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை, பாகப்பிரிவினைப் பேச்சில் நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் அந்த முருங்கை தானாகவே சாய்ந்திருக்கும். பத்திரம் பதிவதற்கு முதல் நாள் அக்கா மட்டும் கடப்பாரையோடு போய், கருவேப்பிலையின் வேரில் வெடித்த கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்தாள். திருப்பூரில் அவள் வீட்டு வாசலில் இப்போது ஆள் உயரம் நிற்கிறது. இலையில் அந்த வாசனை இல்லை என்று மாதத்துக்கு ஒருமுறை போனில் புலம்புகிறாள். நீ மோர் ஊற்றுகிறாயா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.