ஒற்றை மணி அடித்தால் பஸ் நிற்கிறது

(விமானப் பயணப் பாதுகாப்பு குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், வளைகுடா நாட்டில் விமானப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றுக் கொழிஞ்சாம்பாறையில் வசிப்பவர்.)

சென்ற மாதம் நெடும்பாசேரியில் தரை நன்றாகத் தெரிந்த பிறகு விமானம் சட்டென்று மேலே ஏறிவிட்டது. கூட வந்தவர்கள் விமானியைத் திட்டித் தீர்த்தார்கள். என்ன தவறு நடந்தது?
— ஒரு வாசகி, வேலந்தாவளம்

தவறு நடக்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள் அம்மா. வேகம், உயரம், காற்று, மழை இவற்றில் ஒன்று கணக்குக்கு ஒத்துவராவிட்டாலும் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும். 'கோ அரவுண்ட்' என்பார்கள். முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகாமல் இருந்தாலும் இப்படித்தான் செய்வார்கள். அந்த விமானிக்குக் கைதட்டியிருக்க வேண்டும்.

கரிப்பூர் விபத்தில் துணை விமானி எச்சரித்ததாகப் படித்தேன். எச்சரித்தும் ஏன் தடுக்க முடியவில்லை?
— ஒரு கல்லூரி மாணவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

2020 ஆகஸ்ட் 7. அன்று இரவு முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் அது. 21 பேர் இறந்தார்கள், விமானிகள் இருவரும் உட்பட. மேட்டின் மேல் அமைந்த ஓடுபாதை, கொட்டும் மழை. ஒருமுறை இறங்க முயன்று மேலே ஏறிவிட்டு, அடுத்த முறை எதிர்முனையிலிருந்து, காற்று பின்னாலிருந்து தள்ளும் நிலையில் இறங்கினார்கள். சக்கரம் தரையைத் தொடும்போது 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி பின்னால் போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த ஈரத் தளத்தில் நிறுத்த முடியாமல் பள்ளத்தில் விழுந்தது.

2021இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று சொன்னதையும், தலைமை விமானி அதன்படி செய்யாததையும், அதன் பிறகும் துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாததையும் சேர்த்தே காரணமாகச் சொல்கிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தலைமை விமானி பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அப்படிப்பட்டவரின் கையிலிருந்து விமானத்தைப் பிடுங்க ஓர் இளைஞனுக்கு எத்தனை நொடி தேவைப்படும்? அவனுக்குக் கிடைத்தவை சில நொடிகள்தான். அந்தத் துணிவை அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேலே இருப்பவர்கள் ஊட்டியிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விலை கொடுத்த கதை ஒன்று உண்டு. 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்கிவிட்ட டச்சு விமானத்தில், எதிரே இருப்பவர் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டார் என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். பொறியாளர் மேலே பேசவில்லை. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகே, 1979இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து, விமானி அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் திருத்துவதற்கான தனிப் பயிற்சி உருவானது. கீழே இருப்பவர் சொல்லப் பழகுவது அதில் பாதி. மேலே இருப்பவர் கேட்கப் பழகுவது மறுபாதி, கடினமானதும் அதுதான்.

பொள்ளாச்சி போகும் கேரள பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கண்டக்டர் நேற்றுச் சேர்ந்த பையனாக இருக்கலாம், டிரைவர் ஓய்வு பெறும் வயதில் இருக்கலாம். ஒற்றை மணி அடித்தால் பஸ் நிற்கிறது. எதற்கு அடித்தாய் என்ற கேள்வி நின்ற பிறகுதான். 'கோ அரவுண்ட்' என்ற சொல்லுக்கும் விதிப்புத்தகத்தில் அதே மதிப்புதான்.

இருபது வருடமாக லாரி ஓட்டுகிறேன். விமானிகளுக்கும் தூக்கம் வருமா?
— ஒரு லாரி ஓட்டுநர், வாளையார்

வரும். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், தலைமை விமானி நெடுநேரம் உறங்கியது குரல் பதிவில் குறட்டையாகவே பதிவாகியிருந்தது. உறங்கி எழுந்தவுடன் மூளை முழுதாக விழிப்பதில்லை. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கும் துணை விமானி 'கோ அரவுண்ட்' சொல்லியிருந்தார். கண் இழுத்தால் ஓரங்கட்டுங்கள், அண்ணா.

என் மகன் விமானப் பராமரிப்புப் படிக்கிறான். ஒரு சின்னத் தவறு செய்தாலும் வேலை போய்விடும் என்று பயப்படுகிறான். உண்மையா?
— ஒரு தாய், மீனாட்சிபுரம்

எந்த நிறுவனத்தில் சேர்கிறான் என்பதைப் பொறுத்தது. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், தவறு செய்தவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவார்கள். அங்கே இருந்த இரண்டு வருடத்தில் ஒருவர்கூடத் தன் தவறைத் தானாகச் சொன்னதில்லை, நான் உட்பட.

இரண்டாவது இடத்தில் ஒரு விடியற்காலை, கருவிப் பலகையில் ஒரு ஸ்பேனரின் இடம் காலியாக இருந்தது. நான் எடுத்தது. பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பழைய பயம் தொண்டையை அடைத்தது. பத்து நிமிடம் பேசாமல் நின்றேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு ஷிப்டுப் பொறுப்பாளரிடம் போய், "சார், ஒரு ஸ்பேனரைக் காணவில்லை" என்றேன். அவர் விமானத்தை நிறுத்தினார். எஞ்சின் மூடியின் அடிப்பகுதியில் கிடைத்தது. விமானம் புறப்பட்ட பிறகு என்னை உட்கார வைத்து, "தம்பி, அந்த இடத்தில் வெளிச்சம் எப்படி இருந்தது?" என்று கேட்டார். மங்கலாக இருந்தது என்றேன். அந்த வாரமே அங்கே விளக்கு மாற்றினார்கள். ஷிப்டு முடியும்போது இருவர் சேர்ந்து கருவிகளை எண்ண வேண்டும் என்று எழுதினார்கள்.

குடித்துவிட்டு வேலைக்கு வருபவனுக்கும், செய்யாத சோதனையைச் செய்ததாகக் கையெழுத்துப் போடுபவனுக்கும் இந்தச் சலுகை கிடையாது, கிடைக்கவும் கூடாது. கை தவறுவது வேறு, துணிந்து மீறுவது வேறு.

மகனிடம் சொல்லுங்கள் அம்மா: நேர்முகத் தேர்வில், கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். கருவி தொலைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று கேட்கட்டும். பதில் சொல்பவரின் முகத்தையும் பார்த்துக்கொள்ளட்டும்.