பிலிம்பிச் சாறு, கொசுவர்த்தி, அமுக்கரா: நலம் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்று சொல்லி அதைத் தவிர்த்துவிட்டு, வீட்டு மரத்துப் பிலிம்பிக்காயை (நாங்கள் புளிச்சக்காய் என்போம்) அரைத்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு குடித்து வருகிறார். இயற்கையானதுதானே, தொடரலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம் அம்மா, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கேரளத்தில் இரும்பன்புளி என்று அழைக்கப்படும் இதே காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பத்து நோயாளிகளைப் பற்றி 2013-ஆம் ஆண்டு மருத்துவர்கள் ஓர் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. எல்லோரும் தேறிவிட்டார்கள் என்றாலும், கொழுப்பைக் குறைக்கப் போய்ச் சிறுநீரகத்தை ஆபத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் காயின் புளிப்புக்கு முக்கியக் காரணம் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம். மீன் குழம்பில் நான்கைந்து காய் நறுக்கிப் போட்டு வீட்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும்போது, சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்கு அது பொதுவாகத் தொல்லை தருவதில்லை. கைநிறையக் காய்களைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கும்போதோ, ஆக்சலேட் பெருமளவில் இரத்தத்தில் கலந்து, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ஊசிபோன்ற படிகங்களாகிச் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைத்துவிடுகிறது. குமட்டல், விடாத விக்கல், இடுப்பு வலி, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றலாம். எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே, அறிகுறி இல்லை என்று இருந்துவிடாமல், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்; சாறு குடித்ததையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதே இனத்தைச் சேர்ந்த நட்சத்திரப்பழம் சிறுநீரக நோயாளிகளுக்கு வலிப்பையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கக்கூடியது; அவர்கள் அதைத் தொடவே கூடாது.

மாத்திரையை நிறுத்த முடியாது என்ற அச்சத்துக்கும் விளக்கம் தேவை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கு உடல் அடிமையாவதில்லை. எடுத்துக்கொள்ளும்வரை கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியைக் குறைக்கிறது. நிறுத்தினால் அளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் உணவை மட்டும் நம்பி இதைத் தள்ளிப்போடக் கூடாது. அதே சமயம், உணவால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. கொள்ளு, காராமணி, ஓட்ஸ், கொய்யா போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து கெட்ட கொழுப்பை ஓரளவு குறைக்கும். பாமாயிலில் பொரித்த பலகாரத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடந்தால், மாத்திரையின் அளவைக் கூட்டாமலே சமாளிக்க முடிகிறவர்கள் உண்டு. உங்கள் கணவருக்கு எது பொருந்தும் என்பதை மூன்று மாத இடைவெளியில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது. கொசுத்தொல்லை தாங்காமல் இரவில் கதவைச் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றுகிறோம். அதற்குப் பதிலாக வேப்பிலைப் புகை போடலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: நுரையீரலுக்கு வேப்பிலைப் புகையும் புகைதான், சாம்பிராணியும் அப்படியே. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுவதாகக் கணக்கிட்டது. சாத்திய அறையில் இளைப்புள்ள குழந்தை இரவு முழுவதும் அதைச் சுவாசிப்பதை எண்ணினால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கொசுவலை கட்டுங்கள், சன்னலுக்கு வலை அடியுங்கள்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும் என்பதால், இரவுப் புகையால் அதைத் தடுக்கவும் முடியாது. அது முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகிறது. எனவே வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டினாலே பெரும்பகுதி ஒழிந்துவிடும். கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றைப் பலரும் பார்ப்பதில்லை. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரமின்றியே பல மாதம் தாங்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டுவதோடு நிற்காமல் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். மகனின் இளைப்புக்கு மருத்துவர் இன்ஹேலர் தந்தால் தயங்க வேண்டாம்.

கேள்வி: வயது 61. கணவர் போன பிறகு தூக்கம் சரியில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் மறுபடி கண் மூடுவதில்லை. உறவினர் அமுக்கரா சூரணம் சாப்பிடச் சொல்கிறார். தைராய்டு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், தூக்க மாத்திரையின் மயக்கத்தையும் மிகுதியாக்கலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. தைராய்டு மருந்து எடுக்கும் நீங்கள், மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடங்க வேண்டாம்.

காப்பியின் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், மதியத்துக்குப் பிறகு காப்பி, தேநீர் இரண்டையும் விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெயிலில் அரை மணி நேரம் நடங்கள். பகல் தூக்கம் வேண்டாம். விழித்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். அப்போதும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்ளுங்கள், புரண்டுகொண்டே இருக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் தூக்கத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது துக்கம். விடியுமுன் விழிப்பதோடு, எதிலும் ஈடுபாடின்மை, பசியின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; சிகிச்சையால் அது நன்கு குறையும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அன்றைக்கே அழையுங்கள், அருகிலிருப்பவரிடமும் சொல்லுங்கள்.